பழைய இசைத்தட்டுகளை மீண்டும் பாட வைக்கலாம்

வீவக வீடு மாறும் நேரத்தில்தான் பல குடும்பங்களில் அந்தப் பெட்டி வெளியே வருகிறது. உள்ளே தாத்தா காலத்து 78 சுழற்சித் தட்டுகள், அப்பா ஆசையாகச் சேர்த்த எல்பிகள், மேலட்டை கிழிந்த 'திருவிளையாடல்' வசனத் தட்டு என்று எல்லாம் கலந்து கிடக்கும். "போட்டுக் கேட்கப் பெட்டி இல்லையே, வைத்திருந்து என்ன பயன்?" என்று யாராவது கேட்பார்கள். அடுத்த நாள் அது கராங்குனிக்காரரிடம் போய்விடும். மன்றத்தில் இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள், அதைத் தூக்கிப் போடாமல் குறைந்த செலவில் கேட்க என்ன வழி என்பதே.

"அந்தப் பாட்டெல்லாம் இணையத்தில் இருக்கிறதே" என்று இளையர்கள் சொல்வார்கள். இருப்பவை இருக்கின்றன. ஆனால் அவையும் யாரோ ஒருவர் தம் வீட்டுத் தட்டிலிருந்து ஏற்றியவைதான். 1932ஆம் ஆண்டு சென்னையில் ஏ.வி.மெய்யப்பனும் நண்பர்களும் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் முத்திரையில் விற்ற தட்டுகளும், எச்எம்வி, கொலம்பியா தட்டுகளும் ஏராளம். நாடகப் பாட்டு, நகைச்சுவை, நாகசுரம் என்று பக்கத்துக்கு மூன்று நிமிடமாக வெளிவந்தவற்றில் கேசட்டுக்கோ குறுவட்டுக்கோ வராதவை பல. உங்கள் வீட்டுத் தட்டு ஒருவேளை மிஞ்சியிருக்கும் சில பிரதிகளில் ஒன்றாக இருக்கலாம்.

முதலில் பலரையும் குழப்பும் 'ஃபோனோ ப்ரீஆம்ப்' பற்றிப் பார்ப்போம். தட்டின் வரிப்பள்ளத்தில் ஊசி ஓடும்போது கார்ட்ரிட்ஜில் உண்டாகும் மின்சாரம் மிக மெல்லியது. பரவலாகப் புழங்கும் 'மூவிங் மேக்னட்' வகையில் சுமார் 5 மில்லிவோல்ட்தான். அதை ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்கினால்தான் ஆம்ப்ளிஃபையருக்குப் போதும். இன்னொரு வேலையும் இருக்கிறது. தட்டில் பதியும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்தும் உச்ச ஒலியைக் கூட்டியும் பதிகிறார்கள். இல்லாவிட்டால் மிருதங்கத்தின் ஒரு தொப்பி அடியே பக்கத்து வரிவரை பள்ளத்தைத் தள்ளிவிடும். கேட்கும்போது அதைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். இதற்கான ஆர்ஐஏஏ என்ற பொது அளவு 1954க்குப் பிறகு நிலைபெற்றது. இந்த இரண்டு வேலையையும் செய்யும் சிறு பெட்டிதான் ப்ரீஆம்ப்.

வாங்குவதற்கு முன் வீட்டில் இருப்பதைத் திருப்பிப் பாருங்கள். பழைய ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் 'ஃபோனோ' என்று எழுதிய துளையும் பக்கத்தில் ஒரு திருகும் இருந்தால் தனிப் பெட்டி வேண்டியதில்லை. அந்தத் திருகு, டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய தரைக்கம்பியைக் கட்டுவதற்கு. 'ம்ம்ம்' என்று ஓயாத இரைச்சல் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கம்பியைத்தான். புதிய டர்ன்டேபிள்கள் சிலவற்றுக்குள்ளேயே ப்ரீஆம்ப் உண்டு. அதை இயக்கிவிட்டு மறுபடி ஃபோனோ துளையில் செருகினால் ஒலி கரகரத்து உடையும். எச்எம்வி ஃபியஸ்டா போன்ற பழைய பெட்டி வகைகள் இன்னொரு ரகம். அவற்றில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ். அதுவே வலுவான மின்சாரம் தரும், ப்ரீஆம்ப் தேவைப்படாது. ஆனால் ஊசியின் பாரம் அதிகம், நல்ல எல்பியை அதில் அடிக்கடி போடக்கூடாது.

எதுவும் இல்லாதவர்கள் பெரிதாகச் செலவு செய்யத் தேவையில்லை. பிஹ்ரிங்கர் பிபி400 நூறு வெள்ளியைத் தொடாத சிறு பெட்டி, வேலையைச் செய்துவிடும். ஏஆர்டி நிறுவனத்தின் டிஜே ப்ரீ 2 சற்றுக் கூடுதல் விலை. அதில் தாழ்ந்த உறுமலை வெட்டும் பொத்தான் உண்டு. வளைந்து நெளிந்த பழைய தட்டு வைத்திருப்பவர்களுக்கு அந்த ஒரு பொத்தானே காசுக்குத் தகும். ப்ரீஆம்பில் ஐநூறு வெள்ளி கொட்டிவிட்டுத் தேய்ந்த ஊசியில் கேட்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. தேய்ந்த ஊசி ஒலியைக் கெடுப்பதோடு நிற்காது, தட்டையே உழுதுவிடும். பழைய டர்ன்டேபிள் வாங்கினால் முதல் செலவு புது ஊசியாக இருக்கட்டும்.

பழைய டர்ன்டேபிள் எங்கே கிடைக்கும்? சுங்கை ரோடு சந்தையில் ஒரு காலத்தில் தரையில் விரித்துப் போட்டு விற்றார்கள்; 2017 ஜூலையில் அது மூடப்பட்டது. கோல்மன் ஸ்திரீட்டின் அடெல்ஃபி கட்டடம் ஒலிக்கருவிக் கடைகளுக்குப் பெயர் பெற்றது. மற்றபடி கரோசல் செயலிதான் இன்றைய சுங்கை ரோடு.

அங்கே ஜப்பானிலிருந்து வந்த டர்ன்டேபிள்கள் அழகாகவும் மலிவாகவும் கண்ணில் படும். கவனம் தேவை. ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. நேராகச் செருகினால் கருகிவிடும் என்பது பலருக்கும் தெரியும். மின்மாற்றி ஒன்று வாங்கிக்கொள்வார்கள். தெரியாதது அடுத்த விஷயம். மின்மாற்றி வோல்ட்டை மாற்றுமே தவிர அலைவெண்ணை மாற்றாது. ஜப்பானின் மேற்குப் பகுதியிலும் அமெரிக்காவிலும் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அலைவெண்ணை நம்பி ஓடும் ஏசி மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும், பி.சுசீலாவின் குரல் ஆண்குரல்போல் இறங்கிவிடும். 50, 60 என்று மாற்றும் வசதியோ அதற்கான கப்பியோ இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். மோட்டார் நேராகத் தட்டைச் சுழற்றும் குவார்ட்ஸ் வகைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2 அந்த ரகம். உறுதியானதுதான். ஆனால் விலை ஏறிவிட்டது, 78 வேகமும் அதில் கிடையாது.

வாங்கும் இடத்திலேயே போட்டுக் கேளுங்கள். நீண்ட கார்வை உள்ள இசையாக, நாகசுரமோ வீணையோ கொண்டுபோவது நல்லது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி அலைந்து அலைந்து ஒலித்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். அது சில வெள்ளிச் செலவுதான். ரப்பர் சக்கரம் கெட்டிப்பட்டிருந்தால் செலவு கூடும். ஊசி தாங்கும் கை தளர்ந்து ஆடினால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.

78 தட்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். எல்பி ஊசியால் 78ஐக் கேட்கக் கூடாது. 78இன் பள்ளம் மூன்று நான்கு மடங்கு அகலம். எல்பி ஊசி அதன் அடியில் தட்டிக் குப்பையை வாரி இரையும். ஆடியோ-டெக்னிக்காவின் ஏடி-விஎம்95எஸ்பி போன்ற 78க்கான கார்ட்ரிட்ஜைப் பொருத்திப் பாருங்கள், அதே தட்டா என்று தோன்றும். மூன்று வேகமும் உள்ள அந்நிறுவனத்தின் ஏடி-எல்பி120 வரிசையை, இரு வகைத் தட்டும் உள்ள வீட்டுக்குத் தயங்காமல் சொல்வேன். அதற்குள் ப்ரீஆம்பும் உண்டு, கணினியில் பதிவு செய்யும் யுஎஸ்பி வசதியும் உண்டு. ஆம்ப்ளிஃபையரில் 'மோனோ' பொத்தான் இருந்தால் அழுத்திக்கொள்ளுங்கள், இரைச்சல் பாதி அடங்கும். கடைகளில் பெட்டி வடிவில் கண்ணைப் பறிக்கும் மலிவு விலை பிளேயர்களை அரிய தட்டுகளுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

நம் ஊர் ஈரப்பதத்தில் தட்டுகளில் பூஞ்சை படிவது வழக்கம். எல்பியைத் தண்ணீரில் ஒரு துளி பாத்திரச் சோப்புக் கலந்து, மென்மையான துணியால் வரியோடு வரியாகத் துடைத்து நிழலில் உலர்த்தலாம். மேலட்டையை நனைக்காதீர்கள். 78 தட்டைத் துடைக்கும்போது மட்டும் சாராயம் கலந்த எந்தத் திரவமும் கூடாது. அது அரக்கால் ஆனது. சாராயம் பட்டால் அரக்கோடு பாட்டும் கரைந்துவிடும். ஓரத்தில் விரிசல் விட்ட தட்டைப் போட்டுப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். விரிசல் ஊசியை உடைக்கும், ஊசி விரிசலைப் பெரிதாக்கும். மற்றவற்றை முதன்முறை போடும்போதே பதிவு செய்துவிடுங்கள். உறையின் மேல் தட்டின் எண்ணையும் பாடியவர் பெயரையும் பென்சிலால் குறித்து, படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள்.