துள்ளும் சக்கரம்

கரும்பலகையில் எழுதும்போது சுண்ணக்கட்டி சில வேளைகளில் ‘கிரீச்’ என்று கத்துவதை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். உற்று நோக்கினால், அப்போது விழும் கோடு தொடர்ச்சியாக இராமல் புள்ளி புள்ளியாக இருப்பதையும் காணலாம். சுண்ணக்கட்டி பலகையைப் பற்றுகிறது, கை தள்ளவே, பிடி விட்டு நழுவுகிறது, மறுபடியும் பற்றுகிறது. பற்றுவதும் நழுவுவதுமாக மிக விரைவில் மாறி மாறி நிகழும் இச்செயலே அந்தக் கூச்சலுக்குக் காரணம். பிடில் வித்துவான் தந்தியின்மீது வில்லை இழுக்கும்போதும் நடைபெறுவது இதுவேதான். அவர் கையில் இசையாவது சுண்ணக்கட்டியில் நாராசமாகிறது. இதே செயல், 1,600 கிலோகிராம் எடையுள்ள விசைமிக்க ஒரு காரின் பின்சக்கரங்களில் நிகழ்ந்தால் என்ன ஆகும்? அதைப் பற்றியே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவில் ‘டிராக்’ பந்தயம் என்று ஒன்று உண்டு. நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, நேரான பாதையில் கால் மைல் தூரத்தை முதலில் கடப்பவர் யார் என்பதே போட்டி. நண்பர் ஒருவரின் பழைய கார் அதில் ஓடுவதைக் காண ஒருமுறை சென்றிருந்தேன். பச்சை விளக்கு எரிந்ததும் அவர் கிளட்சை விட்டார். வண்டி பாய்ந்து செல்லவில்லை. சம்மட்டி கொண்டு அடிப்பதுபோல் அதன் பின்புறம் தடதடவென்று அதிர்ந்தது. சக்கரங்கள் தரையில் பந்துபோல் துள்ளின. நண்பர் காலை எடுக்காமல் இன்னும் அழுத்தினார். இரண்டு மூன்று விநாடிகளில் ‘பட்’டென்று ஓர் ஒலி, எஞ்சின் வெறுமனே வீறிட, வண்டி மெல்ல உருண்டு நின்றுவிட்டது. கியர்ப்பெட்டியிலிருந்து பின்னச்சுக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் தண்டின் மூட்டு முறிந்து போயிருந்தது. தண்டு தரையில் விழாமல் தாங்குவதற்கென்று அடியில் ஓர் இரும்பு வளையம் பொருத்தியிருந்தார்கள். அது இல்லையேல், விழுந்த தண்டு தரையில் ஊன்றி வண்டியையே தூக்கி எறிந்திருக்கக்கூடும்.

இதில் வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. முந்திய மாதத்தில்தான் நண்பர் புதிய டயர்களும் புதிய ஷாக் அப்சார்பர்களும் வாங்கிப் போட்டிருந்தார். பணம் கரைந்தது, நோய் தீரவில்லை. நோயின் இடத்தை அறியாமல் மருந்தை மட்டும் மாற்றியதன் விளைவு அது.

நோயின் தன்மையை முதலில் அறிவோம். நமது லாரி ஒன்றின் பின்புறத்தைக் குனிந்து பாருங்கள். இரு சக்கரங்களையும் இணைக்கும் அச்சு ஓர் இரும்புக் கூட்டுக்குள் இருக்கிறது. அந்தக் கூடு, பட்டறைகளில் ‘பட்டா’ என்று வழங்கும் வளைந்த வில்களின்மேல், யூ போல்ட்டுகளால் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. முற்காலத்து அமெரிக்கப் பந்தயக் கார்கள் பலவற்றிலும் இதே அமைப்புத்தான்.

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் விதியை நீங்கள் படித்திருக்கிறீர்கள். சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது, அச்சின் கூடு பின்னோக்கிச் சுழல முயல்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது பட்டாவே. அந்த முறுக்கலில் பட்டா ஆங்கில ‘எஸ்’ எழுத்தைப்போல் நெளிகிறது. நெளிந்த வில்லில் சக்தி சேர்ந்துகொண்டே போகிறது. டயர் பிடி தளர்ந்து நழுவியவுடன் எதிர்ப்பு நீங்கிவிடுவதால், வில் வெடுக்கென்று நிமிர்ந்து அச்சைத் திருப்பி அடிக்கிறது. சக்கரம் மேலெழுந்து மீண்டும் தரையில் விழுகிறது. விழுந்தவுடன் டயர் பற்றுகிறது. வில் மறுபடியும் நெளிகிறது. எஞ்சின் சக்தி கொடுத்துக்கொண்டிருக்கும்வரை இந்தச் சுழல் ஓயாது.

எவ்வளவு விசை இதில் இருக்கிறது என்று கணக்கிடுவோம். எஞ்சினின் முறுக்குவிசை 400 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கியர் அதை 3 மடங்கும், பின்னச்சின் பற்சக்கரங்கள் அதனை மேலும் 3.5 மடங்கும் பெருக்கினால், சக்கரங்களுக்கு வருவது 4,200 நியூட்டன் மீட்டர். சக்கரத்தின் ஆரம் 0.33 மீட்டர் என்றால், தரையைத் தள்ளக்கூடிய விசை ஏறக்குறைய 12,700 நியூட்டன். பின்சக்கரங்களின்மேல் 900 கிலோகிராம் எடை இருப்பதாகக் கொண்டால், அதன் பளு சுமார் 8,800 நியூட்டன். நல்ல சாலையில் சாதாரண டயரின் பிடி ஏறக்குறைய அந்த அளவே இருக்கும். ஆக, எஞ்சின் தள்ள வல்லது அதிகம். டயர் தாங்க வல்லது குறைவு. நழுவல் நேர்வதில் வியப்பில்லை.

ஆனால் நழுவல் வேறு, துள்ளல் வேறு. ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஒத்துத் தள்ளினால்தானே அது உயர உயரப் போகும்? அதுபோலவே சக்கரமும் அச்சும் சேர்ந்த தொகுதிக்கு இயல்பான தாளம் உண்டு. சாதாரணமாக அது விநாடிக்கு 10 முதல் 15 துடிப்புகள். பற்றுதலும் நழுவுதலும் அத்தாளத்தோடு ஒன்றுபட்டால், சிறு நடுக்கம் பேரதிர்ச்சியாக வளர்கிறது. அதிர்ச்சியைத் தின்று வெப்பமாக மாற்றும் கடமை ஷாக் அப்சார்பருக்கு உரியது. வளரும் சக்தியை அது தின்னும் சக்தி விஞ்சினால் துள்ளல் அடங்கும்; விஞ்சாவிட்டால் ஏதேனும் முறியும்.

இந்நோயைப் பெரிய தொழிற்சாலைகளும் அறிந்தே இருந்தன. 1965-ஆம் ஆண்டின் ஷெல்பி ஜி.டி. 350 காரில், அச்சின் முறுக்கலைத் தடுக்கத் தனியே தண்டுகள் பொருத்தினார்கள். 1967-ஆம் ஆண்டு மாதிரியான ஷெவர்லே காமரோவில் பட்டா ஒற்றைத் தகடாக இருந்தது; வேகமாகப் புறப்படுகையில் அது எளிதில் நெளிந்தது. 1968-ஆம் ஆண்டு மாதிரியில் ஷாக் அப்சார்பர்களில் ஒன்றை அச்சுக்கு முன்னும் மற்றொன்றைப் பின்னுமாக வைத்தார்கள். கூடு சுழல முயலும்போது ஒன்று நீள, மற்றொன்று சுருங்க, இரண்டும் சேர்ந்து அதைத் தடுத்தன. கிரைஸ்லர் நிறுவனத்தாரோ அச்சைப் பட்டாவின் நடுவில் வையாமல் சற்று முன்னே வைத்தார்கள். முன்பாகம் குட்டையாயிற்று, குட்டையான தகடு எளிதில் நெளியாது அல்லவா?

இனி, நோயுள்ள ஒரு வண்டி நம்மிடம் வந்தால் எவ்வாறு ஆராய்வது? முதலில் தரையைப் பார்க்க வேண்டும். டயர் இட்ட கருங்கோடு தொடர்ச்சியாக இருந்தால் அது வெறும் நழுவல். விட்டு விட்டு விழுந்திருந்தால் துள்ளல். சுண்ணக்கட்டியின் புள்ளிக் கோட்டை நினைவுகொள்ளுங்கள்.

அடுத்து, செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்க வேண்டும். இரு பின் டயர்களின் காற்றழுத்தமும், தயாரிப்பாளர் சொன்ன அளவில், சமமாக இருக்கிறதா? ரப்பர் முதுமையால் இறுகிவிட்டதா? ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா? அதன் பிடிப்புகள் ஆடுகின்றனவா? பட்டாவின் தகடு ஏதேனும் விரிந்திருக்கிறதா? யூ போல்ட்டுகள் இறுக்கமா? பட்டாவின் கண்களிலுள்ள ரப்பர் புஷ்களை நெம்புகோலால் நெம்பிப் பார்த்தால் அசைகின்றனவா? எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் தாங்கும் ரப்பர்கள் கிழிந்துள்ளனவா? தண்டின் மூட்டுகளில் ஆட்டம் உண்டா? இவையெல்லாம் சரியாக இருந்த பின்னரே புதிய தண்டுகளையும் கடினமான புஷ்களையும் பற்றி எண்ண வேண்டும். புஷ் கடினமானால் முறுக்கல் குறையும்; ஆனால் சாலையின் இரைச்சலும் அதிர்வும் வண்டிக்குள் மிகும். ஒன்றைப் பெற மற்றொன்றைக் கொடுக்கவேண்டியதே யந்திர உலகின் நியதி.

ஒரு வேளைக்கு ஒரு மாற்றமே செய்யுங்கள்; செய்ததையும் கண்டதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். இரண்டை ஒருங்கே மாற்றினால், குணம் கண்டாலும் காரணம் தெரியாது. ஓட்டிப் பார்க்கும் சோதனை பந்தயத்துக்கென்று அமைந்த மூடிய பாதையில்தான் நடக்க வேண்டும். பொதுச்சாலையில் ஒருபோதும் கூடாது. துள்ளல் தொடங்கிய கணமே காலை எடுத்துவிட வேண்டும்.

என் நண்பரின் காரை இம்முறையில் ஆராய்ந்தோம். இடப்பக்கப் பட்டாவின் முன் கண்ணில் இருந்த ரப்பர் புஷ் நைந்து போயிருந்தது. நெம்பியபோது விரலளவு அசைந்தது. புதிய டயர் முன்னிலும் வலுவாகத் தரையைப் பற்றவே, வில்லில் சேரும் சக்தியும் மிகுந்து, துள்ளல் முன்னிலும் கொடிதாயிற்று என்பது அப்போதுதான் விளங்கியது. புஷ்ஷை மாற்றி, முறிந்த மூட்டைப் புதுப்பித்து, யூ போல்ட்டுகளை இறுக்கினோம். அடுத்த முறை வண்டி இரண்டு நேரான கருங்கோடுகளை இட்டுவிட்டு அமைதியாகப் பாய்ந்தது.

ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் புதிய அமைப்பு வந்தால் இந்நோய் ஒழியும் என்று நினைத்தவர்களும் உண்டு. 2015-ஆம் ஆண்டு மாதிரி முதல் ஃபோர்டு மஸ்டாங் கார்கள் அனைத்திலும் அவ்வமைப்பே இருக்கிறது. ஆனால் அதிலும் சக்கரங்களை இயக்கும் அரைத்தண்டுகள் முறுகும்; ரப்பர்கள் நெகிழும்; ஆதலால் துள்ளல் அடியோடு மறைந்துவிடவில்லை. 2009-ஆம் ஆண்டின் கேடிலாக் சி.டி.எஸ்.-வி காரில் ஓர் அழகிய உபாயத்தைக் கையாண்டார்கள்: இரு அரைத்தண்டுகளில் ஒன்றைத் தடிமனாகவும் மற்றொன்றை மெல்லியதாகவும் செய்தார்கள். இரண்டின் தாளமும் வேறுபடவே, ஒன்றின் நடுக்கத்தை மற்றொன்று வளர்க்க இயலவில்லை.

மாணவர்களே, துள்ளும் சக்கரத்தில் குற்றம் பெரும்பாலும் சக்கரத்தில் இருப்பதில்லை. ஓசை ஓரிடத்தில் கேட்கும். காரணம் வேறோரிடத்தில், கைக்கடக்கமான ஒரு ரப்பர் துண்டில், மறைந்திருக்கும். காலை இன்னும் அழுத்துகிறவனுக்கு அது தென்படாது. காலை எடுத்துவிட்டு, கீழே இறங்கி, குனிந்து பார்க்கிறவனுக்கே அது தென்படும்.