டிப்ஸ்டிக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

கான்சாபுரத்திலோ வத்திராயிருப்பிலோ ஒரு பழைய கார் கைமாறுகிறது என்றால் வாசலில் நாலு பேராவது கூடிவிடுவார்கள். மைலேஜ் என்ன கொடுக்கும், எத்தனை ஓனர், டயர் இன்னும் எவ்வளவு ஓடும், ஏசி கூலிங் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எந்த மாசம் முடிகிறது... கேள்வி தீராது. விவரம் தெரிந்தவர் ஒருவர் பானெட்டைத் தூக்கச் சொல்லி, உள்ளே பார்த்து, ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுவார். 'ஆயில் எவ்வளவு குடிக்கும்?' என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் விற்கிறவரிடம் பதில் இருக்காது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றியதற்கு பில் வைத்திருப்பார். ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் நடுவில் எஞ்சினின் ஆயில் சேம்பருக்குள் என்ன நடந்தது என்பது அவருக்கே தெரியாது.

கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைத்த தலைமுறை இப்படி இல்லை. ஹேண்டிலைப் போட்டுச் சுற்றுவதற்கு முன்பு டீசல் இருக்கிறதா, ஆயில் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்களுக்குக் கை வேலையாகவே பழகியிருந்தது. எஞ்சின் சீஸ் ஆனால் அந்த வெள்ளாமையே போய்விடும். கார் வந்தபோது கூடவே டேஷ்போர்டு விளக்குகளும் வந்தன. ஏதாவது குறைந்தால் விளக்கு எரியும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் நிம்மதியாகிவிட்டோம்.

அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. எண்ணெய்க் குவளை படம் போட்ட சிவப்பு விளக்கு, பெரும்பாலான கார்களில், ஆயிலின் அளவைக் காட்டுவதே இல்லை. அது காட்டுவது அழுத்தத்தை. சேம்பரின் அடியில் கிடக்கும் கொஞ்ச ஆயிலைக்கூட பம்ப் உறிஞ்சி அனுப்பிக்கொண்டிருக்கும் வரை விளக்கு அணைந்தே இருக்கும். வளைவில் திரும்பும்போதோ பிரேக் போடும்போதோ ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கிற நேரத்தில்தான் அது ஒரு விநாடி மின்னும். அப்போதே பேரிங்குகள் காய ஆரம்பித்திருக்கும். டர்போ உள்ள வண்டி என்றால் இன்னும் மோசம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ தண்டு, மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டுதான் ஓடுகிறது.

ஆயில் எங்கே போகிறது? ஒழுகலாம்: டாப் கவர் பேக்கிங், கிராங்க் ஆயில் சீல், டிரெய்ன் போல்ட் வாஷர். இது சுலபம். ராத்திரி வண்டிக்கு அடியில் ஓர் அட்டையைப் போட்டு வைத்து, காலையில் பார்த்தால் தெரிந்துவிடும். எரிகிற ஆயில்தான் கண்ணுக்குச் சிக்காது. ஒவ்வொரு பிஸ்டனிலும் பொதுவாக மூன்று ரிங். மேலே இரண்டும் வாயுவை அடைக்க, கீழே ஒன்று சிலிண்டர் சுவரில் படிந்த ஆயிலை வழித்துக் கீழே தள்ள. அந்த ஆயில் ரிங்குக்குப் பின்னால் உள்ள சிறு துளைகளில் கரி அடைத்துக்கொண்டால், வழித்த ஆயிலுக்குத் திரும்பிப் போக வழியில்லை, எரிந்துவிடும். இன்னொரு வழி வால்வ் சீல். வயதாகி ரப்பர் இறுகிவிட்டால் ஆயில் வால்வ் தண்டு வழியே கசிந்து உள்ளே இறங்கும்.

புகையை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம் என்பது பட்டறை அறிவு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு குப் என்று நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல். மேட்டில் இழுக்கும்போது விடாமல் வந்தால் ரிங். சபரிமலை சீசனில் தென்காசி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுப் பாதையில் பெட்ரோல் கார் இறக்கத்தில் கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டிருப்போம். எஞ்சினுக்குள் வெற்றிடம் உண்டாகி, வால்வ் சீல் வழியாக ஆயிலை இழுக்கும். இறக்கம் முடிந்து மிதிக்கிறபோது பின்னால் வருகிறவர் முகத்தில் நீலமாக அடிக்கும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் புகையை நம்பிக் காத்திருப்பது தப்பு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர், 2,000 ஆர்பிஎம் என்று வைத்தால், நாலு சிலிண்டர் எஞ்சின் 1,000 கி.மீ. ஓட 40 லட்சம் முறை வெடிக்கிறது. அந்தத் தூரத்தில் ஒரு முழு லிட்டர் ஆயில் குடித்தாலும், மருந்துக்குச் சொட்டுவிடுகிற மாதிரி ஒரு சொட்டு 200 வெடிப்புகளுக்குப் பங்கு போகிறது. அதிலும் பாதியைப் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் எரித்து மறைத்துவிட்டால் கண்ணுக்கு என்ன தெரியும்? அந்த ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் கன்வெர்ட்டரையும் சத்தமில்லாமல் கெடுத்துக்கொண்டிருக்கும் என்பது கூடுதல் செய்தி.

ஆகவே அளக்க வேண்டும். அளப்பது என்றால் ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி, 'இருக்கு இருக்கு' என்று திரும்பச் செருகுவது அல்ல.

எப்போதும் ஒரே இடம், ஒரே நேரம். நம் வீடுகளில் வாசல் சரிவாகத்தான் இருக்கும். மழைத் தண்ணீர் தெருவுக்கு ஓட வேண்டுமே. அந்தச் சரிவில் முன்சக்கரம் மேலே நிற்கும்போது ஒரு அளவும், திருப்பி நிறுத்தினால் வேறு அளவும் காட்டும். சமதளமான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒரு நாள் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்ப்பது நல்லது. உங்கள் கையேடு 'சூடான எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து' என்று சொன்னால் அப்படியே செய்யுங்கள். எதுவானாலும் மாற்றி மாற்றிச் செய்யக்கூடாது. முதலில் உருவியதைப் பார்க்கவே வேண்டாம். குழாயின் உள்சுவரில் ஒட்டியிருந்த ஆயிலும் அதில் பூசியிருக்கும். பனியன் வேஸ்ட்டால் நன்றாகத் துடைத்து, முட்டும் வரை செருகி, உருவி, படுக்கையாகப் பிடித்து, கம்பியின் இரண்டு பக்கமும் பாருங்கள். இரண்டில் எது குறைவோ அதுதான் அளவு. புதிதாக மாற்றிய ஆயில் தேன் நிறத்தில் தெளிவாக இருப்பதால் கோடே தெரியாது. வெயிலில் சற்றுச் சாய்த்தால் பளபளப்பு முடிகிற இடம் தெரியும்.

மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே பல கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர். எல்லாவற்றிலும் இல்லை. உங்களுடையதில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, குறைந்திருக்கும்போது 250 மில்லி அளந்து ஊற்றி, சிறிது நேரம் கழித்து எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். ஆயில் கேன்களின் பக்கவாட்டில் மில்லி கணக்குக் கோடு போட்ட கண்ணாடிப் பட்டை இருப்பது இதற்குத்தான்.

என் கட்சி, கம்பி காட்டுவதை விட கேனிலிருந்து போனதை நம்புவது. ஆயில் மாற்றிய அன்று மேல் கோடு வரை ஊற்றச் சொல்லி, ஓடோமீட்டரை நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் அதே மேல் கோடு வரை டாப் அப் செய்து, கேனில் எத்தனை மில்லி குறைந்தது என்பதை மட்டும் பக்கத்தில் எழுதுங்கள். 84,200-இல் மாற்றியது, 86,200-இல் 300 மில்லி, 88,200-இல் 350 மில்லி. வகுத்துப் பார்த்தால் 1,000 கி.மீ.க்கு 150, பிறகு 175. இவ்வளவுதான் வேலை. கோட்டுக்கு மேலே மட்டும் ஊற்றிவிடாதீர்கள். கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், பிரீதர் வழியாக ஆயில் இன்டேக்குக்குப் போய் எரியும், எஞ்சின் நிறைய குடிப்பதாகத் தப்புக் கணக்கு வரும்.

கணக்கைக் குழப்புகிற இன்னொரு விஷயம் நம் ஊர் ஓட்டத்திலேயே இருக்கிறது. தோப்புக்கும் வீட்டுக்கும், பால் சொசைட்டிக்கும் என்று ஓடுகிற கார் சூடேறுவதற்குள் நின்றுவிடும். எரியாத பெட்ரோல் ரிங் வழியாக இறங்கி ஆயிலோடு கலக்கும். ஆயில் குறைந்த இடத்தைப் பெட்ரோல் நிரப்புவதால் கம்பியில் அளவு மாறாதது போலவே இருக்கும். அப்புறம் ஒரு நாள் குடும்பத்தோடு மதுரைக்குப் போய்த் திரும்பினால் நெடுஞ்சாலைச் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிடும், மறுநாள் பார்த்தால் கோடு சட்டென்று இறங்கியிருக்கும். வண்டி ஒரே பயணத்தில் குடித்துவிட்டது என்று பயப்படுவார்கள். அது பல வாரக் குடி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் கார்களில் இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். புகை வடிகட்டியைச் சுத்தம் செய்ய எஞ்சின் கூடுதலாகத் தெளிக்கும் டீசல் ஆயிலில் இறங்கி அளவு ஏறும். ஏறுவதைக் கண்டு சந்தோஷப்பட ஒன்றுமில்லை. நீர்த்த ஆயில் அது, மாற்ற வேண்டும்.

சரி, எவ்வளவு குடித்தால் அதிகம்? கம்பெனிகளிடம் கேட்டால் தாராளமாகவே பதில் வரும். ஃபோக்ஸ்வாகன் கையேடுகளில் 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை இயல்பு என்றே இருக்கிறது. 15,000 கி.மீ.க்கு ஒரு சர்வீஸ் என்றால் இந்தக் கணக்கில் ஏழரை லிட்டர். சேம்பர் கொள்வதே சுமார் நாலு லிட்டர்! அதாவது கையேட்டின்படி குறையே இல்லாத கார், கையேட்டின்படி சர்வீஸுக்குப் போவதற்கு முன்பே காய்ந்துபோகலாம். அமெரிக்காவில் 2006-க்குப் பிந்தைய டொயோட்டாவின் ஒரு 2.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஆயில் குடிக்கிறது என்று புகார் குவிந்தபோதும் இதுதான் சண்டை. மேல் கோடு வரை ஊற்றி 1,200 மைல் ஓட்டி வரச் சொன்னார்கள். ஒரு குவார்ட், அதாவது சுமார் 950 மில்லிக்கு மேல் குறைந்தால் பிஸ்டனும் ரிங்கும் மாற்றித் தந்தார்கள். அதுவும் கிட்டத்தட்ட அதே அரை லிட்டர் கணக்குதான். அங்கே சுபாரு கார்க்காரர்கள் இதே புகாரோடு கோர்ட்டுக்கே போய், 2016-இல் வாரண்டி நீட்டிப்பு வாங்கினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எஞ்சினில் உராய்வு குறைந்தால் மைலேஜ் கூடும் என்பதற்காகத்தான் இன்று ரிங்குகள் முன்பை விட மெல்லியதாக, சுவரை இறுக்கிப் பிடிக்காமல் வருகின்றன. ஆயிலும் 20டபிள்யூ-40-இலிருந்து 5டபிள்யூ-30, 0டபிள்யூ-16 என்று தண்ணீராகிக்கொண்டே போகிறது. பழைய கார் வாங்கும்போது நாம் கேட்கிற முதல் கேள்விக்கும் கேட்காமல் விடுகிற கேள்விக்கும் உறவு இருக்கிறது.

என் அளவுகோல் கம்பெனியுடையதை விடக் கறாரானது. 1,000 கி.மீ.க்கு 100 மில்லிக்குள் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. எண் என்ன என்பதை விட அது எப்படி நகர்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். வருஷக்கணக்காக 200-இலேயே நிற்கிற எஞ்சின், ஆறு மாதத்தில் 50-இலிருந்து 200-க்குப் போன எஞ்சினை விட ஆரோக்கியமானது.

அரை லிட்டரைத் தொட்டுவிட்டால்? அது வண்டி ஓடுகிற தூரத்தைப் பொறுத்தது. கான்சாபுரத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவரின் கார் வருஷத்துக்கு 5,000 கி.மீ. ஓடினால் இரண்டரை லிட்டர் ஆயில். லிட்டர் 400 ரூபாய் என்று வைத்தாலும் ஆயிரம் ரூபாய். இதற்காக எஞ்சினை இறக்கச் சொல்கிற மெக்கானிக்கிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். டிக்கியில் அதே கிரேடில் ஒரு லிட்டர் கேன் கிடக்கட்டும். ராஜபாளையத்தில் வாடகைக்கு ஓடி வருஷம் 60,000 கி.மீ. தொடுகிற கார் என்றால் 30 லிட்டர், 12,000 ரூபாய். கூடவே கெட்டுக்கொண்டிருக்கும் கன்வெர்ட்டர். அந்தக் காரின் ஓனர் சபரிமலை சீசனுக்கு முன்பே கம்ப்ரெஷன் டெஸ்ட் போட்டுப் பார்த்து, வால்வ் சீலோடு முடியுமா, ரிங் செட் மாற்ற வேண்டுமா, போர் எடுக்க வேண்டுமா என்று விலை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கார்த்திகை பிறந்துவிட்டால் அவருக்கும் நேரம் இருக்காது, பட்டறையிலும் இடம் இருக்காது.