இரண்டாவது ‘டிக்’ ஏன் ஓய்வதில்லை?

மாலை நேரத்தில் கோவை சரவணம்பட்டி சிக்னலில் சத்தி ரோட்டுப் பஸ்ஸின் ஹாரன், ஐடி கம்பெனி வேன், டீக்கடைப் பாட்டு எல்லாம் ஒன்றாகக் காதில் விழும். ஆனாலும் பக்கத்தில் நிற்பவரோடு பேசிவிடுகிறோம். வேண்டாத சத்தத்தை மூளை நமக்குத் தெரியாமலே தணித்துவிடுகிறது. மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா, உள்ள பலருக்குத் தடுமாறுவது இந்த வேலைதான்.

இதை அளக்க முடியும். தலையில் மின்முனைகளைப் பொருத்தி, அரை நொடி இடைவெளியில் இரண்டு ‘டிக்’ ஒலிகளைக் கேட்கச் செய்வார்கள். ஒலி எழுந்த சுமார் 50 மில்லிநொடியில் மூளையில் ஒரு சிறு மின் அலை தோன்றும். பெரும்பாலோருக்கு இரண்டாவது ஒலிக்கு அந்த அலை வெகுவாகச் சிறுத்துப்போகும். மனச்சிதைவு உள்ளவர்களிடம் அப்படிச் சிறுப்பதில்லை என்று 1982-ல் அமெரிக்காவின் கொலராடோவில் ராபர்ட் ஃப்ரீட்மனும் சகாக்களும் காட்டினார்கள். இதை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. எல்லா நோயாளிகளும் ஒரே மாதிரி இல்லை. நிகோட்டின் இந்தக் குறையைச் சற்று நேரம் சரிசெய்கிறது. இந்நோயாளிகளில் பலர் விடாமல் புகைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை, அது இரு காதுகளையும் எட்டும் நேர வித்தியாசத்தைக் கொண்டும் மூளை கணிக்கிறது. அந்த வித்தியாசம் ஒரு மில்லிநொடிகூட இராது. இந்தக் கணிப்பிலும் மனச்சிதைவு உள்ள சிலருக்குப் பிழை நேர்கிறது. யாரும் பேசாமலே கேட்கும் மாயக் குரலும் இந்நோயில் உண்டு. அது சிலருக்குத் தலைக்குள் கேட்கும். சிலருக்குச் சுவருக்கு அப்பால். குரல் கேட்கும் நேரத்தில் எடுத்த மூளைப் படங்களில், நிஜ ஒலியைக் கையாளும் பகுதியே இயங்குவது தெரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பவர் நடிக்கவில்லை.

1984-ல் டாக்டர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பின் மருத்துவர் பத்மாவதியும் மானுடவியலாளர் டான்யா லூர்மனும் இணைந்து இந்த மாயக் குரல்கள் பற்றிச் செய்த ஆய்வு 2015-ல் வெளியானது. சென்னையில் பேட்டி கண்ட 20 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் கேட்டது சொந்தபந்தங்களின் குரலை. வீட்டு வேலையைச் செய்யச் சொல்லும் குரல்களும் இருந்தன. அதே ஆய்வில் பங்கேற்ற அமெரிக்கர்களுக்கோ வன்முறைக் குரல்களே மிகுதி. ஊரும் உறவும் நோய்க்குள்ளும் பேசுகின்றன.

“கூப்டா காதுலயே வாங்கறதில்லீங்க” என்று வருந்தும் பெற்றோருக்கு: டிவியை அணைத்துவிட்டு, ஒருவர் மட்டும் எதிரில் உட்கார்ந்து சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசிப் பாருங்கள். காத்து கருப்பு என்று மாதக்கணக்கில் அலைய வேண்டாம். சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ‘டெலி மனாஸ்’ மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.