கீழ்த்திசைக்குக் கடல்வழி

இன்று நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் எளிய பொருளாய்க் கிடக்கும் மிளகு, முற்காலத்தில் ஐரோப்பிய நாடுகளில் அருஞ்செல்வமாய் மதிக்கப்பட்டது. உணவுக்குச் சுவையூட்டவும் மருந்து கூட்டவும் அந்நாட்டார் அதனை விரும்பினர். ஆயினும் அவர்தம் குளிர்ந்த மண்ணில் மிளகுக்கொடி வளர்வதில்லை. மலையாளக் கரையில் விளைந்த மிளகு அரபு வணிகரின் கலங்களில் ஏறிச் செங்கடலை அடையும். அங்கிருந்து ஒட்டகங்களின் முதுகில் எகிப்து நாட்டைக் கடக்கும். பின்னர் வெனிஸ் நகரத்து வணிகர் அதனை வாங்கிச் சென்று ஐரோப்பாவெங்கும் விற்பர். கைமாறுந்தோறும் சுங்கமும் ஊதியமும் ஏறி, அதன் விலையும் ஏறும்.

‘இடைநிற்போர் கைபடாமல், மிளகு விளையும் நாட்டுக்கே நேராகக் கலம் செலுத்துதல் கூடுமோ?’ என்னும் வினா பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் சிலர் உள்ளத்தில் எழுந்தது. வினா எழுப்புதல் எளிது. விடை காண்டல் அரிது. ஆப்பிரிக்காக் கண்டம் தெற்கே எங்கு முடிகிறது என்பதை அவர்கள் அறியார். தாலமி என்னும் பழைய நிலநூற் புலவரின் கருத்தைத் தழுவி வரைந்த படங்களில், இந்துமாகடல் நாற்புறமும் நிலத்தாற் சூழப்பட்ட ஏரியைப் போலக் காணப்பட்டது. அப்படம் உண்மையாயின், அட்லாண்டிக் மாகடலிலிருந்து இந்துமாகடலுக்குள் நுழைய வாயிலே இல்லை என்பது பெறப்படும். அதன் உண்மையை அறிய ஒரே வழிதான் இருந்தது. எவரேனும் சென்று பார்த்தல் வேண்டும். ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் உள்ள போர்ச்சுகல் என்னும் சிறுநாடு அம்முயற்சியை மேற்கொண்டது. ஒருவர் வாழ்நாளில் முடியாத அப்பணி மூன்று தலைமுறைகளாகத் தொடர்ந்து நடைபெற்றது.

அப்பணியைத் தொடங்கி வைத்தவர் ஹென்றி என்னும் இளவரசர் ஆவர். கி. பி. 1394 முதல் 1460 வரை வாழ்ந்த அவரைக் ‘கடலோடி ஹென்றி’ என்று வரலாறு குறிப்பிடும். எனினும் அவர் தாமே நெடுந்தொலைவு கடலிற் சென்றவர் அல்லர். கலங்களையும் மாலுமிகளையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரமாகத் தெற்கு நோக்கி அனுப்பியவர். அக்கரையில் பொஜதோர் என்றொரு முனை உண்டு. அதற்கு அப்பால் மனிதர் இல்லை, நீர் இல்லை, புல்லும் இல்லை என்றும், சென்ற கலம் மீண்டு வாராது என்றும் மாலுமிகள் நம்பினர். பத்தாண்டுகளுக்கும் மேலாக இளவரசர் அனுப்பிய கலங்கள் யாவும் அம்முனையைக் கண்டு அஞ்சித் திரும்பின.

அவ்வச்சத்தை வெறும் பேதைமை என்று தள்ளிவிடல் ஆகாது. அக்கரையில் காற்றும் நீரோட்டமும் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கு நோக்கியே செல்லும். பாய்மரக் கலம் ஒன்று தெற்கே செல்வது எளிது. அக்காற்றை எதிர்த்து வீடு திரும்புவதே அரிது. ‘சென்றவர் மீளார்’ என்ற பேச்சு இவ்வாறு பிறந்திருத்தல் கூடும். கி. பி. 1433ஆம் ஆண்டில் கில் இயானஸ் என்பவரும் அம்முனைவரை செல்லாமலே திரும்பினார். இளவரசர் அவரை மறுமுறையும் அனுப்பினார். 1434ஆம் ஆண்டில் அவர் துணிவு கொண்டு, முனையைச் சுற்றி அப்பாற் சென்றார். அங்கே கடல் அமைதியாய் இருந்தது. கரையில் இறங்கி, அங்குப் பூத்திருந்த செடிகள் சிலவற்றைப் பறித்துக்கொண்டு நாடு திரும்பினார். அப்பால் உயிர்கள் வாழா என்ற நம்பிக்கைக்கு அச்சிறு செடிகளே மறுமொழி ஆயின.

வீடு திரும்பும் வழியையும் மாலுமிகள் பட்டறிவாற் கண்டனர். கரையோரமாகவே காற்றோடு போராடாமல், கரையை விட்டு விலகி மாகடலின் நடுவே வடமேற்காக நெடுந்தூரம் சென்றால், மேற்கிலிருந்து வீசும் காற்று அகப்படும். அக்காற்று கலத்தைப் போர்ச்சுகல் நாட்டுக்கே கொண்டு சேர்க்கும். வீட்டை அடைவதற்கு முதலில் வீட்டை விட்டு விலகிச் செல்ல வேண்டும் என்பது கேட்பதற்குப் புதுமையாய்த் தோன்றும். ஆனால் காற்றின் இயல்பு அதுவே. எதிர்க்காற்றிலும் ஒருவாறு முன்னேறத்தக்க முக்கோணப் பாய் பூட்டிய ‘காரவெல்’ என்னும் சிறுகலமும் அவர்களுக்குத் துணை செய்தது.

தெற்கே செல்லச் செல்லப் புதிய இடர் ஒன்று தோன்றியது. வடதிசையிற் காணப்படும் துருவ மீனின் உயரத்தை அளந்தே மாலுமிகள் தாம் இருக்கும் இடத்தை அறிந்து வந்தனர். நிலநடுக்கோட்டை நெருங்கியபொழுது அம்மீன் அடிவானத்தில் தாழ்ந்து மறைந்துவிட்டது. ஆகவே நண்பகலில் ஞாயிற்றின் உயரத்தை அளந்து, கணித அட்டவணைகளின் துணையால் இடத்தைக் கணிக்கும் முறையை அறிஞர் வகுத்தளித்தனர்.

இவ்வாறு கரை நீண்டது, அறிவும் வளர்ந்தது. அதனோடு ஒரு கொடுமையும் வளர்ந்தது என்பதை மறைத்தல் ஆகாது. 1444ஆம் ஆண்டில், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்கள் இருநூற்றுவருக்கு மேற்பட்டோர், போர்ச்சுகலின் லாகோஸ் துறைமுகத்தில் அடிமைகளாகப் பங்கிடப்பட்டனர். தாயையும் சேயையும் பிரித்த அவ்வணிகம் பின்வந்த நூற்றாண்டுகளில் பெருகி, மனித குலத்துக்கே மாறாத வடுவாயிற்று.

1487ஆம் ஆண்டில் பார்த்தலோமியோ டயஸ் என்னும் தலைவர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். ஆப்பிரிக்காவின் தென்பகுதியை நெருங்கியபொழுது, அவர் கலங்கள் கரையை விட்டுத் தெற்கே வெகுதூரம் சென்றன. கடுங்காற்றும் குளிரும் மாலுமிகளை வருத்தின. பின்னர் டயஸ் கிழக்கே திரும்பினார். பல நாள் சென்றும் கரை தென்படவில்லை. வடக்கே திரும்பினார், 1488ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கரை தென்பட்டது. அக்கரையோ கிழக்கு நோக்கி நீண்டிருந்தது! தாம் அறியாமலே கண்டத்தின் தென்முனையைச் சுற்றி வந்துவிட்டதை அவர் உணர்ந்தார். மேலும் செல்ல விரும்பினார். ஆனால் களைத்துச் சோர்ந்த மாலுமிகள் உடன்பட மறுத்தனர். திரும்பும் வழியிலேதான் அவர் அம்முனையைக் கண்ணாற் கண்டார். ‘புயல்முனை’ என்று அவர் பெயரிட்டார் என்றும், போர்ச்சுகல் மன்னர் அதனை ‘நன்னம்பிக்கை முனை’ என்று மாற்றினார் என்றும் கூறுவர். இந்துமாகடல் ஏரியன்று என்பது இப்பொழுது உறுதியாயிற்று.

1497ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் வாஸ்கோ ட காமா நான்கு கலங்களுடன் லிஸ்பன் நகரிலிருந்து புறப்பட்டார். அவர் ஆப்பிரிக்கக் கரையைத் தழுவிச் செல்லவில்லை. தம் முன்னோர் கற்ற காற்றின் பாடத்தைத் தென்கடலிலும் பயன்படுத்தினார். மேற்கே அட்லாண்டிக் மாகடலின் நடுவே வில்லைப்போல் வளைந்து சென்று, பின் கிழக்கே திரும்பினார். ஆகஸ்டு முதல் நவம்பர் வரை மூன்று திங்கள் அவர்கள் கண்ணிற் கரையே தென்படவில்லை. 1492ஆம் ஆண்டில் கொலம்பஸ் கானரித் தீவுகளை விட்டபின் கரை காணாமற் சென்றது ஏறத்தாழ ஐந்து வாரமே. இதனை ஒப்பிட்டால் காமாவின் மாலுமிகளுடைய மனத்திண்மை விளங்கும். நவம்பர் 22ஆம் நாள் அவர்கள் நன்னம்பிக்கை முனையைக் கடந்தனர்.

கிழக்காப்பிரிக்கக் கரையில் அவர்கள் கண்ட காட்சி அவர்களை வியப்பில் ஆழ்த்தியது. யாரும் அறியாத கடல் என்று எண்ணி வந்தவர்கள், அங்கே செழித்த துறைமுகங்களைக் கண்டனர். அராபியரும் குஜராத்தியரும் பிறரும் அத்துறைகளில் துணியும் பொன்னும் தந்தமும் மிளகும் விற்றனர். மொசாம்பிக்கிலும் மொம்பாசாவிலும் காமாவுக்கும் அங்குள்ளோருக்கும் பூசல் விளைந்தது. மலிந்தி நகரத்து மன்னரே அவருக்கு நட்புக்காட்டி, இந்தியாவுக்கு வழியறிந்த மீகாமன் ஒருவரைத் துணையாகத் தந்தார். காமா தம்மிடமிருந்த வானளவுக் கருவியை அம்மீகாமனிடம் காட்டியபொழுது அவர் சிறிதும் வியப்படையவில்லை என்றும், விண்மீன்களை அளக்கத் தம்மவர் வேறு கருவி வைத்திருப்பதாகக் கூறினார் என்றும் பாரோஸ் என்னும் போர்ச்சுக்கீசிய வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார்.

அம்மீகாமன் அறிந்திருந்தது பருவக்காற்றின் இயல்பு. கோடையில் ஆசியாவின் பெருநிலம் வெப்பமுற, கடலிலிருந்து நிலத்தை நோக்கித் தென்மேற்குக் காற்று வீசும். குளிர்காலத்தில் நிலம் குளிர, காற்றுத் திரும்பி வடகிழக்கிலிருந்து வீசும். ஒன்று வருவதற்கு, மற்றொன்று போவதற்கு. இவ்வுண்மை காமாவின் காலத்துக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே அறியப்பட்டதாகும். யவனர் கலங்கள் முசிறித் துறைக்கு வந்து, பொன்னைத் தந்து மிளகைப் பெற்றுச் சென்ற செய்தியை அகநானூற்றால் அறிகின்றோம். அவையும் இக்காற்றின் துணையாலேயே வந்தன. 1498ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் மலிந்தியை விட்ட காமாவின் கலங்கள், 23 நாட்களில் மலையாளக் கரையைக் கண்டன. மே 20ஆம் நாள் கள்ளிக்கோட்டைக்கு அருகே நங்கூரமிட்டன.

கள்ளிக்கோட்டை மன்னரான சாமூதிரிக்குக் காமா எடுத்துவைத்த பரிசுகள் துணி, தொப்பி, பவளம், தட்டம், சருக்கரை, எண்ணெய், தேன் முதலியன. பல நாட்டு வணிகரின் செல்வத்தைக் கண்டு பழகிய அரண்மனை அலுவலர் அவற்றைப் பார்த்து நகைத்தனர். காமா விரும்பிய வணிக உடன்பாடு கைகூடவில்லை. ஆகஸ்டு இறுதியில் மனக்கசப்புடன் கள்ளிக்கோட்டையை விட்டு நீங்கினார்.

காற்றை மதியாதவருக்குக் கடல் பாடம் கற்பிக்கும். வடகிழக்குக் காற்று நிலைபெறும்வரை காத்திராமல், அக்டோபர் 5ஆம் நாள் கோவாவுக்குத் தெற்கேயுள்ள அஞ்சதீவை விட்டுக் காமா புறப்பட்டார். காற்று ஒரு நாள் எதிர்த்தது, மறுநாள் அடங்கியது. வரும்பொழுது 23 நாட்களிற் கடந்த கடலைத் திரும்பும்பொழுது கடக்க ஏறத்தாழ மூன்று திங்கள் ஆயின. காய்கனி இன்மையால் ‘ஸ்கர்வி’ என்னும் நோய் பரவியது. ஈறு வீங்கிப் பல்லை மூடியது, கைகால் வீங்கின, உண்ண இயலாமல் முப்பதின்மர் மாண்டனர். கலமொன்றுக்கு ஏழெட்டுப் பேரே வேலை செய்யத் தக்கவராய் எஞ்சினர். செலுத்துவதற்கு ஆளின்றி ஒரு கலத்தைத் தாமே எரித்துவிட நேர்ந்தது. காமாவின் தமையன் பாலோவும் தாயகத்தை அடையாமல் அசோர்ஸ் தீவில் உயிர்நீத்தார். புறப்பட்டவருள் பாதிப் பேருங்கூட 1499ஆம் ஆண்டில் ஊர் திரும்பவில்லை.

மலிந்தியை மீண்டும் அடைந்தபொழுது நோயாளிகள் ஆரஞ்சுப் பழங்களையே பெரிதும் விரும்பிக் கேட்டனர். அந்நோய்க்கு மருந்து அப்பழமே என்பதை உலகம் உணர நெடுங்காலம் ஆயிற்று. 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் பிரிட்டிஷ் கப்பற்படை மருத்துவர் நோயுற்ற பன்னிருவருக்கு வெவ்வேறு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் நலமுற்றதைக் கண்டார். வைட்டமின் சி என்னும் சத்தின் குறைவே அந்நோய்க்குக் காரணம் என்பது இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று.

‘இந்தியாவுக்குக் கடல்வழி கண்டவர் வாஸ்கோ ட காமா’ என்று நூல்கள் கூறுகின்றன. அவ்வழி எத்தனை பேருடைய உழைப்பால் அமைந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். பூஞ்செடியோடு திரும்பிய கில் இயானஸ், முனையைச் சுற்றிய டயஸ், ஞாயிற்றைக் கணித்த அறிஞர், வரலாற்றில் பெயர் நிலைக்காத மாலுமிகள், மலிந்தியில் ஏறிய மீகாமன் ஆகிய அனைவரும் அதன் ஒவ்வொரு பகுதியைக் கண்டவர்கள். அட்லாண்டிக் கடலின் காற்றைப் போர்ச்சுக்கீசியர் அறிந்திருந்தனர். இந்துமாகடலின் காற்றைக் கிழக்கு நாட்டவர் அறிந்திருந்தனர். இவ்விரண்டு அறிவும் மலிந்தித் துறையில் இணைந்தபொழுதுதான் வழி முழுமை பெற்றது.

அவ்வறிவுக்குக் காட்டிய கைம்மாறு நன்றன்று. 1502ஆம் ஆண்டில் பீரங்கிகளுடன் மீண்டும் வந்த காமா, மக்காவிலிருந்து திரும்பிய பயணிகள் நிறைந்த கலம் ஒன்றைத் தீயிட்டு அழித்தார். கள்ளிக்கோட்டை நகரின்மீதும் குண்டு மாரி பொழிந்தார். ஒருவர்க்கொருவர் வழிகாட்டி வாழ்ந்த கடலில் அச்சம் குடிபுகுந்தது. புதுவழி காண்பதற்கு அறிவும் துணிவும் வேண்டும்; கண்ட வழியில் நடப்பதற்கு அறமும் வேண்டும். கடல்வழி கண்டோர் வரலாற்றைப் படிக்கும் நாம், அவர்தம் துணிவைப் போற்றுவதோடு, அவர் தவறிய இடத்தையும் மறவாதிருத்தல் நம் கடமையாகும்.