கசிந்தால் யார் சொல்லணும், எப்போ சொல்லணும்?



2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்துக்கு எண்ணெயும் வந்தது. வீட்டுச் சுவர், வலை, படகு எல்லாம் ஒரே கறுப்பு. குழாயில் கசிவே இல்லை என்றது சுத்திகரிப்பு ஆலைத் தரப்பு. எண்ணெய் மணலி சிபிசிஎல் வளாகத்திலிருந்து வந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னது. 2017 ஜனவரி 28-இல் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதினபோதும் முதலில் "கசிவு இல்லை" என்ற பேச்சுதான். அப்புறம் கரையில் வாளி வாளியாக அள்ளினார்கள், அதுவும் பலர் வெறும் கையால்!

இப்படி மூடி மறைக்க சட்டத்தில் இடமில்லை. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 9-ஆம் பிரிவுப்படி, கசிவுக்குப் பொறுப்பானவர் அதைத் தடுக்கணும், உடனே அதிகாரிக்கும் தெரிவிக்கணும். அபாய ரசாயனம் வைத்திருக்கும் ஆலையில் பெரிய விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் தகவல் தரணும் என்கிறது 1989 விதி.

அதே விதியில் நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு என்ன ஆபத்து வரலாம், வந்தால் என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது என்பதை ஆலைக்காரர்கள் முன்கூட்டியே சொல்லித் தரணும். உங்கள் தெருவில் யாராவது வந்து சொன்னார்களா? 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூக்கில் நெடி ஏறின பிறகுதான் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

தண்டனை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. முன்பு இந்தச் சட்டத்தை மீறினால் 5 வருடம் வரை ஜெயில் இருந்தது. 2024 ஏப்ரல் முதல் அதை எடுத்துவிட்டு 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்று ஆக்கிவிட்டார்கள். பெரிய கம்பெனிக்கு 15 லட்சம் எம்மாத்திரம்? அதனால் கண்காணிப்பு நம் பக்கமிருந்தும் வரணும்.

1996 விதிப்படி அபாய ஆலைகள் உள்ள பகுதியில் 'உள்ளூர் நெருக்கடிக் குழு' இருக்கணும், மாதா மாதம் கூடணும். அதில் ஊர்த் தலைவர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி, இரண்டு சமூக சேவகர்களுக்கு இடம் உண்டு. நம் கூட்டமைப்பிலிருந்து ஒருத்தர் அதில் ஏன் உட்காரக்கூடாது?

கசிவைப் பார்த்தால் எண்ணெயை வெறும் கையால் தொடாதீங்க. நெடி வந்தால் ஈரத் துணியால் மூக்கை மூடி, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போங்க. 112-க்குச் சொல்லுங்க. கடல் என்றால் கடலோரக் காவல் படை, 1554. அப்புறம் தேதி, நேரம், நிறம், நெடி எல்லாவற்றையும் குழுவின் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. போட்டோவும் எடுங்க. 2023-இல் 2,301 மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000-மும் அரசு அறிவித்தது. படகுக்குக் கணக்கு இருக்கு. கூடையில் மீன் விற்கிறவளுக்கும், கையால் இறால் பிடிக்கிறவளுக்கும் அந்த நோட்டுதான் கணக்கு.

கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் வராதீங்க. உங்கள் பகுதியில் நெருக்கடிக் குழு கடைசியாக எப்போ கூடியது என்று 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்க. 30 நாளில் பதில் தரணும். மனு எழுதத் தெரியவில்லை என்றால் அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு வெள்ளைத் தாளோடு வாங்க, சேர்ந்தே எழுதலாம்.