காதுக்கும் ஒரு டயர்

மதுரை தல்லாகுளத்தில் ஏறி நத்தம் பறக்கும் பாலத்தில் காரை ஓட்டிப் பாருங்கள். 2023 ஏப்ரலில் திறந்த பாலம், 7.3 கிலோமீட்டர் நீளம். பாட்டை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காதைக் கொடுத்தால் இரண்டு சத்தம் கேட்கும். பாலத்தின் இணைப்புகளைத் தாண்டும்போதெல்லாம் 'டடக்' என்று ஒன்று. முன் சக்கரத்துக்கு ஒரு தட்டு, பின் சக்கரத்துக்கு ஒரு தட்டு. அந்தத் தட்டுகளுக்கு நடுவே ஓயாமல் ஓடும் 'ம்ம்ம்' இன்னொன்று. முதலாவது பாலத்தின் வேலை என்று குழந்தைக்கும் தெரியும். இரண்டாவதுதான் ஆளைக் குழப்பும். எஞ்சின் என்பார் ஒருவர், பேரிங் போய்விட்டது என்பார் இன்னொருவர். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய காரில் அது பெரும்பாலும் டயர்.

டயரைக் குறை சொல்வது கொஞ்சம் நன்றிகெட்ட காரியம்தான். காற்றடைத்த டயருக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன், 1845இல். வண்டி இழுக்க லேசாக இருக்கும் என்பதோடு, ஓடும்போது எழும் சத்தம் குறையும் என்பதையும் அந்த விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தார். கல் பாவிய தெருக்களில் இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் கடகடத்த காலம் அது. பார வண்டி போகும் சத்தத்தில் கண் விழித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாம்சனின் டயர் அப்போது நிலைக்கவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்டில் இருந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடுவதற்காக அதையே மறுபடி கண்டுபிடித்தார். ஆக, டயர் பிறந்ததே காதுக்கும் இடுப்புக்கும்தான். வேகமெல்லாம் பிற்பாடு வந்த ஆசை.

மதுரைக்கும் டயருக்கும் பழைய உறவு உண்டு. டிவிஎஸ் நிறுவனர் டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1912இல் இங்கே பஸ் விட்டார். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஏற்றும் ரீட்ரெடிங் தொழிலையும் பின்னாளில் தொடங்கினார். கழன்று விழுந்த லாட ஆணிகள் டயரைக் குத்தாமலிருக்க, காந்தம் கட்டிய வண்டியை ரோட்டில் ஓடவிட்டுப் பெருக்கினார் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியில் இன்றும் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா ஆலை டயர் செய்கிறது. ஆனால் அது இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்குப் பேர்போனது.

டயர் எப்படிச் சத்தம் போடுகிறது? மேல்பட்டையில் இருக்கும் ரப்பர்க் கட்டிகளை நம் ஊர்க் கடைகளில் 'பட்டன்' என்பார்கள். ஒவ்வொரு பட்டனும் ரோட்டில் விழும்போது ஒரு சின்ன அறை. சாதாரணக் கார் டயரின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 80 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்குப் பதினொரு சுற்றுக்கு மேல் சுற்றும். ஒரு சுற்றுக்கு 70 பட்டன் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு ஏறக்குறைய 800 அறை. எல்லாப் பட்டனும் ஒரே அளவில் இருந்தால் இந்த 800 அறையும் சேர்ந்து ஒற்றைச் சுருதியாகி, ஆலைச் சங்கு போல ஊதும். அதனால்தான் சின்னதும் பெரிதுமாகப் பட்டன்களை ஒழுங்கில்லாமல் கலைத்து அடுக்குகிறார்கள். கடையில் டயரை மெல்ல உருட்டிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். இப்படிக் கலைப்பதால் மொத்தச் சத்தம் அதிகம் குறைவதில்லை, சுருதிதான் உடைகிறது. காதுக்கு அது ஒத்து ஊதுவதற்கும் மழை பெய்வதற்கும் உள்ள வித்தியாசம்.

பட்டன்களுக்கு இடையே இருக்கும் பள்ளங்களில் அகப்பட்ட காற்றும் சும்மா இருப்பதில்லை. கைதட்டும்போது உள்ளங்கைக் காற்று பிதுங்குவது போலப் பிதுங்கி வெளியேறுகிறது. வளைந்த டயரும் தட்டையான ரோடும் கூடும் இடம் வாய் விரிந்த புனல் போன்றது. நாதஸ்வரத்தின் அணசு சீவாளியின் முணுமுணுப்பைக் கோபுர வாசல்வரை கொண்டு போகிறதல்லவா, அதே வேலையை அந்தப் புனல் செய்கிறது.

டயருக்குள் அடைபட்ட காற்றுக்கும் சொந்தமாக ஒரு குரல் இருக்கிறது. டயருக்குள்ளே ஒலி ஒரு வட்டம் சுற்றிவரும் தூரம் ஒன்றரை மீட்டர். ஒலியின் வேகத்தை இதால் வகுத்தால் விநாடிக்கு 200 முதல் 250 அதிர்வு வரை வரும். பள்ளத்தில் விழுந்ததும் சீட்டுக்கு அடியிலிருந்து 'டொங்' என்று கேட்பது இதுதான். இது ரிம், சஸ்பென்ஷன், பாடி என்று இரும்பு வழியாகவே ஏறி வருவதால் கண்ணாடியை ஏற்றிப் பயனில்லை. விலை உயர்ந்த சில டயர்களின் உட்புறம் பஞ்சு ஒட்டியிருப்பது இந்தக் குரலை அமுக்கத்தான்.

இனி கடைக்குப் போவோம். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு கடையில் நின்றிருந்தேன். புதிதாக ஸ்விஃப்ட் வாங்கிய ஒரு தம்பி 16 அங்குல அலாய் வீல் கேட்டுக்கொண்டிருந்தான். கடைக்காரர் சொன்னார்: "மாட்டிரலாம் தம்பி. பார்க்க ஜம்முனு இருக்கும். ஆனா ஒக்காந்து போறது நீங்கதான்." இத்தனை சுருக்கமாக எந்தப் பாடப்புத்தகமும் சொன்னதில்லை.

அவர் சொன்னதன் கணக்கு டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. ஸ்விஃப்டின் ஆரம்ப மாடல்களில் வருவது 165/80 ஆர்14. அகலம் 165 மில்லிமீட்டர், அதில் 80 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 132 மில்லிமீட்டர். உயர்ந்த மாடல்களில் 185/65 ஆர்15. பக்கச்சுவர் 120. இதையே 195/55 ஆர்16 ஆக்கினால் 107. மூன்று டயருக்கும் மொத்த விட்டம் ஏறத்தாழ ஒன்றுதான், 620 மில்லிமீட்டர். ரிம் வளர வளரக் காற்று மெத்தை மெலிகிறது. பதினான்கிலிருந்து பதினாறுக்குப் போனால் ஒரு அங்குல மெத்தை போச்சு. போதாக்குறைக்கு அகலமும் கூடுகிறது. அகலமான டயர் அதிகக் காற்றைப் பிதுக்கும், அதிகப் பட்டனால் அறையும். காரின் அழகைத் தெருவில் நிற்பவர் பார்க்கிறார், குலுக்கலை நாம் வாங்கிக்கொள்கிறோம். என்னைக் கேட்டால், சொகுசு வேண்டும் என்பவர் கம்பெனி கொடுத்த அளவைத் தாண்டவே கூடாது.

சொகுசுக்கு நம் ஊரில் இன்னொரு குறுக்கு வழியும் உண்டு: காற்றைக் குறைப்பது. 33 பி.எஸ்.ஐ. வைக்கச் சொன்ன இடத்தில் 26 வைத்தால் மெத்துமெத்தென்று போகும், உண்மைதான். ஆனால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி விரிகிறது. மடங்கி விரியும் ரப்பர் சூடாகும். சித்திரை வெயிலில் கப்பலூர் தாண்டி நான்கு வழிச்சாலையில் நூறில் போகும்போது கீழே தாரும் கொதிக்கிறது, உள்ளே ரப்பரும் வேகிறது. டயர் வெடிப்பதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. 'வெயிலில் காற்று விரியும், அதனால் குறைத்து வைக்கிறேன்' என்பதும் தப்புக் கணக்கு. பத்து டிகிரி ஏறினால் அழுத்தம் ஒன்றரை பி.எஸ்.ஐ. அளவுக்குத்தான் ஏறும். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் எண்ணில் அதற்கும் இடம் விட்டிருக்கிறார்கள். காலையில், வண்டி ஓடிச் சூடாகும் முன் காற்றுப் பார்த்தால் போதும்.

ஐரோப்பாவில் விற்கும் டயரில் சத்தத்துக்கென்று ஒரு எண் ஒட்டியிருக்கும். 68 டெசிபல், 71 டெசிபல் என்று. மூன்று டெசிபல் என்றால் ஒலி ஆற்றலில் இரண்டு மடங்கு. இதை வைத்தே டயரைத் தேர்ந்தெடுத்துவிடலாம் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். அந்த எண் காருக்குள் அளந்தது இல்லை. சிறப்பாகப் போட்ட ஒரு ரோட்டில் எஞ்சினை அணைத்து 80 கிலோமீட்டர் வேகத்தில் காரை உருளவிட்டு, பாதையின் நடுக்கோட்டிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து அளக்கிறார்கள். அது ரோட்டோரம் குடியிருப்பவருக்கான எண். நம் சீட்டுக்கு அடியில் வரும் 'டொங்' அதில் இல்லவே இல்லை. இந்தியாவிலும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022இல் டயர் உருளும் சத்தத்துக்கு வரம்பு கொண்டுவந்தது. அதுவும் இதே மாதிரி வெளியே நின்று அளப்பதுதான்.

எண்ணைவிடக் கண்ணை நம்பலாம். பட்டன் சிறிதாக, நெருக்கமாக, வளையம் வளையமாகத் தொடர்ந்து ஓடும் டயர் அமைதியானது. காட்டுவழிக்கென்று பெரிய பெரிய கட்டிகளோடு வரும் டயர் கோச்சடையில் வயலுக்குப் போகிறவருக்கு உதவும், அண்ணா நகரில் அலுவலகம் போகிறவருக்குக் காதடைப்பு. மெத்தென்ற ரப்பர் சத்தம் குறைக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். ஐப்பசி மழையில் ரிங் ரோட்டில் பிரேக் பிடிக்க வேண்டியிருப்பதால், சத்தத்துக்காக ஈரப்பிடிப்பை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். வெயிலும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ரப்பரை வருடா வருடம் கெட்டியாக்குகின்றன. கடைக்கு வெளியே அடுக்கி வெயில் தின்ற டயர் 'புதுசு' என்ற பெயரில் வந்தாலும் கெட்டிச் சத்தம் போடும்.

புது டயர் வாங்குவதற்கு முன் பழைய டயரின் மேல் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் இருந்தால் பட்டன்கள் சாய்ந்து தேய்ந்திருக்கின்றன. பேரிங் போனது போலவே உறுமும். ரோடு மாறும்போது உறுமலும் மாறினால் டயர். ரோடு எதுவானாலும் மாறாமல், வளைவில் மட்டும் கூடிக் குறைந்தால் பேரிங். அலைன்மென்ட் பார்த்து, பத்தாயிரம் கிலோமீட்டருக்குள் முன் டயரைப் பின்னுக்கு மாற்றிக்கொண்டே வந்திருந்தால் இந்தத் தடவலுக்கே வேலையில்லை.

எத்தனை நல்ல டயர் போட்டாலும் பாட்டின் பாதி ரோட்டிடம்தான் இருக்கிறது. ஜல்லி பெயர்ந்த ரோட்டில் எந்த டயரும் அலறும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர்.வாசுதேவன், சூடாக்கிய ஜல்லியின் மேல் நறுக்கிய பிளாஸ்டிக் கழிவை உருக்கிப் பூசி, அதன் பிறகு தார் கலக்கும் முறையைக் கண்டார். அதற்காக 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். பிளாஸ்டிக் பூச்சால் நீர் புகுவது குறைகிறது, ஜல்லி லேசில் பெயர்வதில்லை. சத்தத்தை நினைத்து அவர் செய்ததில்லை என்றாலும், பெயராத ரோடு காதுக்கும் நல்லது. அமெரிக்காவின் அரிசோனாவில் சத்தத்தை நினைத்தே செய்தார்கள். பழைய டயரை அரைத்துத் தாரில் கலந்து, இரைச்சலான கான்கிரீட் நெடுஞ்சாலைகளின் மேல் பூசினார்கள். கத்திக்கொண்டிருந்த ரப்பரே கீழே படுத்து அடுத்த டயரை அமைதிப்படுத்துகிறது.

சென்ற மாதம் என் காருக்கும் நான்கு டயர் மாற்றினேன். அதே அளவு, நெருக்கமான பட்டன். நத்தம் பாலத்தில் ஏறியதும் 'ம்ம்ம்' நன்றாகவே தணிந்திருந்தது. 'டடக்' அப்படியே இருந்தது. செட்டிகுளம் இறங்குவதற்குள் டேஷ்போர்டுக்குள் எதுவோ கிரிச் கிரிச்சென்று உரசுவது கேட்டது. இத்தனை நாளும் அது உரசிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.