ஆடாமல் அணியோடு இருந்த ஆனந்த்

விளையாட்டுப் பயிற்சியில் தலைமை என்றால் ஆணையிடுவது என்ற எண்ணம் தமிழகத்துப் பள்ளி மைதானங்களில் இன்றும் வலுவாக இருக்கிறது. ஆயினும், பயிற்சியாளரின் தலைமையை ஐந்து கூறுகளாகப் பிரித்து அளக்க முடியும் என்று 1980இலேயே காட்டியவர்களுள் ஒருவர் இந்தியாவில் பிறந்த அறிஞர் பாக்கியநாதன் செல்லதுரை என்பது இங்கே அதிகம் பேசப்படுவதில்லை. பயிற்றுவித்தல், கலந்து முடிவெடுத்தல், தானே முடிவெடுத்தல், வீரரின் நலனில் அக்கறை காட்டுதல், நல்ல ஆட்டத்தைப் பாராட்டுதல் ஆகியவையே அந்த ஐந்து. சூழல் கேட்பதும், வீரர் விரும்புவதும், பயிற்சியாளர் உண்மையில் செய்வதும் ஒன்றோடொன்று பொருந்தும்போதுதான் ஆட்டமும் மனநிறைவும் உயரும் என்பது அவருடைய கோட்பாட்டின் சாரம்.

வழிகாட்டித் தலைமை, அதாவது விளையாட்டு உலகம் ‘மென்டார்’ என்று அழைக்கும் மூத்தவரின் பணி, இந்த ஐந்தில் அக்கறையையும் கலந்து முடிவெடுத்தலையும் பெரிதும் சார்ந்தது. பயிற்சியாளர் அடுத்த போட்டிக்கு ஆயத்தப்படுத்துகிறார் என்றால், வழிகாட்டி அந்த வீரரின் அடுத்த பத்து ஆண்டுகளை மனத்தில் வைத்துப் பேசுகிறார்.

சிற்றூரான குயிலாப்பாளையத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து வடக்கே சென்றால் வரும் மாமல்லபுரத்தில், 2022 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாட் இதற்குத் தெளிவான சான்று. ஐந்து முறை உலகச் சாம்பியனான விசுவநாதன் ஆனந்த் அங்கே ஆட மறுத்து, இந்திய அணிகளின் வழிகாட்டியாக இருந்தார். குகேஷ், பிரக்ஞானந்தா முதலியோர் அடங்கிய இந்தியாவின் இரண்டாம் அணிக்கு, சென்னையில் ‘செஸ் குருகுல்’ நடத்திவரும் ஆர்.பி. ரமேஷ் பயிற்சியாளர். முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றிருந்த குகேஷ், பத்தாம் சுற்றில் கைக்கு வந்த வெற்றியைத் தவறவிட்டு உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரொவிடம் தோற்றார். 2-2 என்று முடிந்த அந்தச் சுற்றோடு அணியின் தங்கக் கனவு ஏறத்தாழக் கைவிட்டுப் போயிற்று. அப்போது குகேஷுக்கு வயது பதினாறு. மறுநாளே அந்த அணி ஜெர்மனியை 3-1 என்று வென்று வெண்கலம் பெற்றது, குகேஷ் முதல் பலகைக்கான தனிநபர் தங்கத்தையும் பெற்றார். செல்லதுரை குறிப்பிட்ட அக்கறை என்ற கூறு எவ்வளவு தேவை என்பது பயிற்சி அறையைவிட இத்தகைய தோல்வி இரவுகளில்தான் தெரியவரும்.

இதனால் வழிகாட்டித் தலைமை என்பது எல்லாவற்றையும் வீரரிடம் கேட்டுச் செய்வது என்று கருதிவிடக் கூடாது. குகேஷின் தொடக்கக் காலப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ஆட்டத்தைக் கணித்துத் தரும் கணினி நிரலான ‘எஞ்சின்’ பக்கமே நீண்ட காலம் அவரைப் போக விடவில்லை. மற்றச் சிறுவர்கள் எல்லாரும் எஞ்சினைப் பார்த்துப் பயின்றுகொண்டிருந்த காலத்தில் அது கண்டிப்பான, துணிச்சலும் மிகுந்த முடிவு. தானாகக் கணக்கிடும் பழக்கத்தைச் சிறுவனிடம் வளர்க்கவே அது எடுக்கப்பட்டது என்பதால், அதையும் வழிகாட்டலின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.

2020இல் ஆனந்த், வெஸ்ட்பிரிட்ஜ் நிறுவனத்துடன் சேர்ந்து தொடங்கிய அகாடமியின் முதல் ஐவரில் குகேஷும் ஒருவர். 2023 செப்டம்பர் தரவரிசையில் அவர் ஆனந்தையே முந்தி, 37 ஆண்டுகளாக ஆனந்திடம் இருந்த இந்தியாவின் முதலிடத்தைப் பெற்றார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று பதினெட்டு வயதில் உலகச் சாம்பியனும் ஆனார். தம்மை முந்தக்கூடியவரைத் தாமே வளர்க்கும் மனம் ஆட்டத்தை விட்டு முழுமையாக விலகாத ஒருவருக்கு வாய்ப்பது அரிது.

குயிலாப்பாளையம் போன்ற ஊர்களிலும் ஆடி ஓய்ந்த மூத்தவர்கள் இருக்கிறார்கள். போட்டி நாளில் பரிசு வழங்க மட்டும் அவர்களை அழைக்காமல், ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று இளையவர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒப்படைக்கப் புதிய மைதானமோ பெரும் செலவோ தேவையில்லை. உடற்கல்வி ஆசிரியர்கள் அதை இந்த ஆண்டே தொடங்கலாம்.